படம் பார்த்துச் சமூகத்தைப் பற்றி எழுத முடியுமா? முதுகலை ஆய்வேடு பற்றி ஒரு விவாத இழை

கேள்வி, ஜூன் 2

திரைப்படம், தொலைக்காட்சி, சமூகம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முதுகலைப் படிப்பில் கடைசிப் பருவம். 15,000 சொல்லில் ஆய்வேடு. தலைப்பு: "வேலைக்குப் போகும் பெண்: இருபது ஆண்டுப் படங்களிலும் தொடர்களிலும் சமூக மாற்றம்". 20 படங்கள், 5 தொடர்கள் எடுத்திருக்கிறேன். சினிமா சமூகத்தின் கண்ணாடி, அதனால் திரையில் மாறியதை வரிசையாக எடுத்து வைத்தால் சமூகத்தில் மாறியது தெரிந்துவிடும் என்பது என் வாதம். நெறியாளர் முன்வரைவின் ஓரத்தில் "இதில் சமூகம் எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். 25 படைப்புகளைப் பார்த்த பிறகும் சமூகம் இல்லை என்றால் வேறு எங்கே போய்த் தேடுவது?

ஜூன் 2, இரவு

நெறியாளர் கேட்டது நியாயமான கேள்வி. 25 படைப்புகளைப் பார்த்தால் அந்த 25 படைப்புகளைப் பற்றித் தெரியும். எடுத்தவர்கள், தணிக்கை செய்தவர்கள், ஒளிபரப்பியவர்கள், பார்த்தவர்கள் யாரைப் பற்றியும் அதில் சான்று கிடையாது.

கண்ணாடி வாதத்தை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் ஜெர்மன் திரைப்பட விமர்சகர் ஸீக்ஃப்ரீட் க்ராகவர். 1933-க்கு முந்தைய ஜெர்மன் படங்களில், நாஜி ஆட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த கூட்டு மனநிலை தெரிகிறது என்று 1947-ல் நூலாக எழுதினார். அதன் மீது வந்த விமர்சனம் உங்கள் முன்வரைவுக்கும் அப்படியே பொருந்தும்: கதை எங்கே போய் முடிந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த முடிவுக்கு ஒத்துவரும் படங்களைப் பொறுக்குவது. அதே ஆண்டுகளில் வந்த நகைச்சுவைப் படங்களையும் இசைப் படங்களையும் மட்டும் எடுத்தால் வேறொரு மனநிலையை எழுதிவிடலாம். "இந்த 20 படங்கள் எப்படித் தேர்வாயின?" என்பது வைவாவின், அதாவது வாய்மொழித் தேர்வின், முதல் கேள்வியாக இருக்கும். "முக்கியமான படங்கள்" என்ற பதில் அங்கே நிற்காது.

இந்தத் துறையில் ஆய்வு நடக்கும் இடங்கள் நான்கு. படைப்பு ஒன்று. தயாரிப்பு இரண்டாவது: திரைக்கதையின் அடுத்தடுத்த வரைவுகள், ஒப்பந்தங்கள், சங்க ஆவணங்கள், எழுத்தாளர் அறையில் இருந்தவர்களின் நேர்காணல்கள். மூன்றாவது புழக்கம்: தணிக்கைக் குறிப்புகள், சுவரொட்டிகள், வணிக இதழ்கள், ஒளிபரப்பு அட்டவணை, இடையில் வந்த விளம்பரங்கள். நான்காவது வரவேற்பு: விமர்சனங்கள், வாசகர் கடிதங்கள், நேர்காணல்கள், மக்கள் பார்க்கும்போது கூட இருந்து எடுத்த களக்குறிப்புகள். முதுகலை ஆய்வேட்டுக்குப் படைப்போடு மற்ற மூன்றில் ஒன்று போதும். நான்கையும் தொடப் போனால் நான்கும் அரைகுறையாக நிற்கும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். தலைப்பில் இருக்கும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் இடப்பக்கம் எழுதி, அதற்கான சான்று எந்தக் கோப்பில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வலப்பக்கம் எழுதுங்கள். "படங்கள்": வட்டுகள். "தொடர்கள்": பதிவுகள். "பெண்": அந்த வட்டுகளிலும் பதிவுகளிலும் வரும் பாத்திரங்கள். "சமூக மாற்றம்": எதிரே ஒன்றும் இல்லை. நெறியாளர் பார்த்தது அந்த வெற்றிடத்தைத்தான்.

சமூக மாற்றத்தையே எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சான்று வேண்டும். பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு வீதம் ஆண்டுவாரியாகக் கிடைக்கும் புள்ளிவிவரம். அதைத் திரையோடு பக்கத்தில் வைக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டுகளில்தான் ஆய்வுக்குத் தீனி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்கள் வெளியே குறைந்த ஆண்டுகளில் திரையில் கூடியிருந்தால், யார் அந்தப் பாத்திரத்தை விரும்பினார்கள்? விளம்பரதாரரா, ஒளிபரப்பு நிறுவனமா, எழுத்தாளரா? கண்ணாடி என்று தொடங்கினால் இந்தக் கேள்விக்கே வழியில்லை.

ஜூன் 3

ஒரு கணக்கு மட்டும். வாரம் ஐந்து நாள் வரும் தொடரில் ஆண்டுக்கு 260 பகுதிகள். பகுதிக்கு 22 நிமிடம் என்றால் 5,720 நிமிடம், 95 மணி நேரம். ஒரே தொடர், ஒரே ஆண்டு. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் குறைந்தது நான்கு மடங்கு ஆகும். உங்கள் பட்டியலில் ஐந்து தொடர்கள், அவை ஓடியது பல ஆண்டுகள். முழுவதும் பார்த்ததாக எழுதினால் தேர்வாளர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

கேட்டவர், ஜூன் 4

சரி, படங்களைக் குறைத்துவிட்டு வரவேற்புப் பக்கம் போகிறேன். இணையப் படிவம் ஒன்று தயார் செய்து 200 பேருக்கு அனுப்பி, "தொடர்கள் பெண்களைப் பாதிக்கின்றனவா?" என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டால் போதுமா?

ஜூன் 5

போதாது. 200 என்பதை 2,000 ஆக்கினாலும் போதாது. சிக்கல் கேள்வியில் இருக்கிறது.

ஊடகம் மற்றவர்களைக் கெடுக்கும், என்னை அவ்வளவாக ஒன்றும் செய்யாது என்று மனிதர்கள் நினைப்பதை டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் 1983-ல் "மூன்றாம் நபர் விளைவு" என்று விவரித்தார். உங்கள் படிவம் அளக்கப் போவது இந்த நினைப்பைத்தான். 200 பேரில் பெரும்பாலோர் "ஆம், பாதிக்கின்றன" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது வேறு யாரோ.

கேட்க வேண்டியது பார்த்ததைப் பற்றி. "கடைசியாகப் பார்த்த பகுதியை, அதைப் பார்க்காத ஒருவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்." இதை முதல் கேள்வியாக வைத்துவிட்டு ஐந்து நிமிடம் குறுக்கே பேசாதீர்கள். எதில் தொடங்குகிறார், எந்தப் பாத்திரத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறார், எதைத் தாவிவிடுகிறார், எங்கே குரல் மாறுகிறது எல்லாமே தரவு. பிறகு அதே பகுதிக்கு நீங்கள் ஷாட் ஷாட்டாக, நேரத்தோடு எழுதிய குறிப்போடு வைத்துப் பார்க்கலாம். திரையில் நான்கு நிமிடம் ஓடிய அலுவலகக் காட்சி அவர் சொன்ன கதையில் ஒரு வரிகூட இல்லை என்றால், அது கண்டுபிடிப்பு.

பின்னணிக்குத் தேவையானது மட்டும்: பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1964-ல் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில், ஸ்டுவர்ட் ஹால் 1973-ல் முன்வைத்தது மூன்று வாசிப்பு நிலைகள். சொல்லப்பட்டதை அப்படியே ஏற்பது, பேரம் பேசி ஏற்பது, எதிர்ப்பது. டேவிட் மோர்லி அதை ஒரு செய்தி நிகழ்ச்சியை வைத்துப் பல குழுக்களிடம் சோதித்து 1980-ல் வெளியிட்டார். தொழில் பழகுநர்கள், தொழிற்சங்கப் பொறுப்பாளர்கள், கறுப்பின மாணவர்கள் ஆகியோர் வர்க்க நிலையில் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தும் வாசிப்பில் வேறு வேறு திசையில் போனார்கள். வர்க்கம் தெரிந்தால் வாசிப்பு தெரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அதோடு உடைந்தது.

இதைப் படித்துவிட்டு மாணவர்கள் செய்வது, ஒவ்வொரு ஆளையும் மூன்று பெட்டியில் ஒன்றில் போட்டு அட்டவணை போடுவது. எடுத்துக்காட்டாக இப்படி ஒரு பதில் வருகிறது என்று வையுங்கள்:

"அவ வேலைய விட்டது தப்புதான். ஆனா அம்மா படுத்த படுக்கையா இருக்கும்போது வேற என்ன செய்வா? நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன். எங்க ஆபீஸ்ல சம்பளமில்லாத லீவாவது கொடுப்பாங்க."

இவர் எந்தப் பெட்டி? முதல் வாக்கியம் தீர்ப்பு. இரண்டாவது, கதைக்குள் நின்று பாத்திரத்துக்காக வாதாடுகிறது. மூன்றாவது, கதையை விட்டு வெளியே வந்து தன்னோடு ஒப்பிடுகிறது. நான்காவது, தொடர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை, அதாவது வேலையிடம் என்ன தர முடியும் என்பதை, உள்ளே கொண்டுவருகிறது. அரை நிமிடத்தில் நான்கு நிலை. ஆளுக்கு ஒரு குறி போடாமல் வாக்கியத்துக்கு ஒரு குறி போடுங்கள். அந்த நான்காவது வாக்கியம் மற்றவர்களிடமும் வருகிறதா என்று தேடுங்கள், ஆய்வேட்டின் மையம் அதிலிருந்தே கிடைக்கலாம்.

எத்தனை பேர்? கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 60 நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளில் பெரும்பாலானவை 12-வதற்குள் வந்துவிட்டன. எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள், அதன் நிபந்தனையை விட்டுவிடுவார்கள்: ஓரளவு ஒத்த பின்னணி கொண்ட ஆட்கள், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே கேள்விகள். கல்லூரி மாணவியையும் ஓய்வுபெற்ற ஆசிரியரையும் இரவுப்பணி செவிலியரையும் கலந்து 12 பேர் எடுத்தால் அந்த எண் உங்களுக்கு உதவாது.

நேரம்: ஒரு மணி ஒலிப்பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி. 50 நிமிட நேர்காணல் 12 என்றால் 10 மணி ஒலிப்பதிவு, 40 முதல் 60 மணி எழுத்து வேலை. தானியங்கி மென்பொருள் முதல் படியைத் தரும். ஆனால் சிரிப்பு, தயக்கம், பாதியில் விட்ட வாக்கியம் இவற்றை விழுங்கிவிடும், நமக்கு வேண்டியதே அவைதான். கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். ஓடும் மின்விசிறிக்கு அடியில் உட்காராதீர்கள்.

இன்னொரு வாசகர், ஜூன் 6

களப்பணி தொடங்கும் கட்டத்தில் இருக்கிறேன். 12 தனி நேர்காணலுக்குப் பதில் இரண்டு குழு விவாதம் நடத்தினால் வேலை குறையாதா? சமூக ஊடகக் கருத்துகளை அள்ளினால் களப்பணியே வேண்டாமே?

ஜூன் 6, மாலை

குழுவில் ஆறு பேர் பேசினால் யார் பேசியது என்று பிரித்து எழுதவே இரட்டிப்பு நேரம் ஆகும். வேலை குறையாது. குழுவுக்கு வேறு பயன் உண்டு: ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கும்போது, எதைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம் என்பது வெளியே வரும். தனியாகப் பார்க்கும் பழக்கத்தைத் தெரிந்துகொள்ள அது தோதுப்படாது. மோர்லியின் முதல் ஆய்வே, மக்கள் வழக்கமாகத் தொலைக்காட்சி பார்க்கும் இடத்துக்கு வெளியே குழுக்களைக் கூட்டியது என்று விமர்சிக்கப்பட்டது. அடுத்து 1986-ல் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களை வீட்டிலேயே சந்தித்தார். அப்போதுதான் ரிமோட் யார் கையில் என்பது ஆய்வுப் பொருளானது.

கருத்துகளை அள்ளுவது பற்றி: தானாக முன்வந்து எழுதுபவர்களின் எழுத்து அது. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் நல்ல தரவு. ஈன் ஆங் என்ற ஆய்வாளர் ஒரு டச்சுப் பெண்கள் இதழில் சிறு விளம்பரம் கொடுத்து, 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்ப்பது பற்றிக் கடிதம் கேட்டார். 42 கடிதங்கள் வந்தன. ஆண்கள் எழுதியவை அவற்றில் மூன்றே. அதை வைத்து நெதர்லாந்தே இப்படி நினைக்கிறது என்று அவர் எழுதவில்லை. பிடித்திருக்கிறது என்று எழுதியவர்கள் அதற்குச் சமாதானம் சொல்லும் விதத்தையும், பிடிக்காதவர்கள் அவ்வளவு உறுதியாகப் பேசும் விதத்தையும் எடுத்துக்கொண்டு, வெகுஜனப் பண்பாட்டைப் பற்றி ஒரு சமூகத்தில் நிலவும் பொதுத் தீர்ப்பை வாசித்தார். 42 கடிதம், நாற்பது ஆண்டு கழித்தும் பாடத்தில் இருக்கிறது. தரவு சிறியதாக இருப்பது குற்றமே இல்லை, அதைவிடப் பெரிய முடிவு எடுப்பதுதான் குற்றம்.

ஆவணக்காப்பகத்தில் வேலை செய்யும் வாசகர், ஜூன் 9

வரவேற்பு பற்றி நன்றாகவே பேசியிருக்கிறீர்கள். ஆனால் "படைப்பு" என்று ஒன்று உறுதியாக இருப்பதுபோல் மேலே எழுதியிருப்பதை ஏற்க முடியாது. எந்தப் பிரதி என்று முதலில் கேளுங்கள்.

35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர். தணிக்கைச் சான்றிதழில் நீளம் 4,000 மீட்டர் என்று இருந்தால் படம் ஏறத்தாழ 145.8 நிமிடம். கையில் இருக்கும் டிவிடி 139 நிமிடம் காட்டுகிறது. "ஏழு நிமிடம் வெட்டப்பட்டிருக்கிறது" என்று எழுதும் ஆய்வேடுகள் உண்டு. அவசரப்படாதீர்கள். அந்த டிவிடி விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையில் இருந்தால், படம் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 139-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 144.8. காணாமல் போனது ஒரு நிமிடம்தான், அது தலைப்பு அட்டைகளாகக்கூட இருக்கலாம். குரல்களின் சுருதியும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பாத்திரத்தின் குரல் கீச்சென்று இருக்கிறது என்று அதை வைத்து வாதம் கட்டாதீர்கள்.

ஷாட் நீளம் கணக்கிடுபவர்களுக்கு இது நேரடியாக உதைக்கும். 1,450 ஷாட் உள்ள மேற்படி படத்தில் சராசரி ஷாட் நீளம் உண்மையில் 6.0 விநாடி, டிவிடி நேரத்தை வைத்தால் 5.75. இரண்டு படங்களை ஒப்பிடும்போது ஒன்று பிஏஎல் பிரதி, மற்றொன்று ப்ளூ-ரே என்றால் வேற்றுமை பிரதியில் இருக்கிறதா, எடிட்டிங்கில் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. பாரி சால்ட் 1974-ல் இந்தக் கணக்கை ஆய்வுமுறையாக ஆக்கினார், யூரி ட்சிவியான் 2005-ல் ஷாட் நீளக் கணக்குகளைத் திரட்டும் சினிமெட்ரிக்ஸ் இணையதளத்தைத் தொடங்கினார். சராசரியோடு இடைநிலை எண்ணையும், அதாவது ஷாட்களை நீள வரிசையில் வைத்தால் நடுவில் நிற்பதையும், கொடுங்கள். நான்கைந்து நீண்ட ஷாட்கள் சராசரியைத் தூக்கிவிடும், இடைநிலை எண் அவ்வளவு எளிதில் அசையாது. மௌனப் படங்களுக்கு மேலே சொன்ன நீளக் கணக்கு செல்லாது, ஓட்டிய வேகம் இடத்துக்கு இடம் மாறியது.

சட்டகத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். 2.35:1-ல் எடுத்த படத்தைப் பழைய 4:3 தொலைக்காட்சிக்காக வெட்டினால், அகலத்தில் 57 சதவீதம்தான் மிஞ்சும். அலுவலகக் காட்சியில் ஓரத்து மேசையில் இருந்த பெண் சட்டகத்தை விட்டே வெளியே போய்விடுவாள். உங்கள் தலைப்புக்கு இது சின்ன விஷயமா?

ஜூன் 10

மேலே உள்ள குறிப்பை எல்லோரும் படித்து வையுங்கள். தொலைக்காட்சிக்கு அதே கேள்வியைக் கேட்டால் பதில் இன்னும் மோசம்.

ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஒளிநாடா 1956-ல் வந்தது. அதற்கு முன் பெரும்பாலானவை நேரலை, காற்றோடு போனவை. அதற்குப் பிறகும் நாடா விலை அதிகம் என்பதால் அழித்து அழித்துப் பயன்படுத்தினார்கள். 1960-களிலும் 70-களிலும் பிபிசி அழித்த நாடாக்கள் இந்தத் துறையின் நிரந்தர இழப்பு. அமெரிக்க மாலைச் செய்திகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டிலிருந்து பதிவு செய்துவருவதால்தான் அவற்றின் மீது இத்தனை ஆய்வுகள் இருக்கின்றன. எது ஆய்வாகிறது என்பதை, எது சேமிக்கப்பட்டது என்பது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. உங்கள் ஆய்வுமுறை அத்தியாயத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்போது ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் பழைய தொடர், ஒளிபரப்பான தொடர் ஆகாது. விளம்பரங்கள் இல்லை. முன்கதைச் சுருக்கம் இல்லை. உரிமை முடிந்த பாட்டுகளுக்குப் பதில் வேறு இசை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974-ல் சொன்னது இங்கே உதவும்: தொலைக்காட்சியின் அலகு தனி நிகழ்ச்சி மட்டும் கிடையாது. நிகழ்ச்சி, விளம்பரம், முன்னோட்டம், அடுத்த நிகழ்ச்சி என்று தொடர்ந்து வரும் ஓட்டம் அது. கதாநாயகி ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் காட்சிக்கு அடுத்த விநாடி வாஷிங் மெஷின் விளம்பரம் வந்ததா, கல்விக் கடன் விளம்பரம் வந்ததா என்பது ஸ்ட்ரீமிங் பிரதியில் தெரியாது. தற்போது ஓடும் தொடரை எடுத்தால் ஒளிபரப்பை நீங்களே பதிவு செய்யலாம். தொடருக்கு 15 நிமிடம் முன்பும் 15 நிமிடம் பின்பும் சேர்த்துப் பதியுங்கள்.

மாதிரி எடுக்க, கட்டமைத்த வாரம் என்ற முறை உண்டு. காலப்பகுதியில் உள்ள திங்கட்கிழமைகளையெல்லாம் எழுதி அவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது, செவ்வாய்களில் ஒன்று, இப்படியே வாரம் முழுவதும். ஒரே வாரத்தைத் தொடர்ச்சியாக எடுத்தால் திருமண வாரமோ விபத்து வாரமோ மாட்டி, தொடரே அப்படித்தான் என்று தோன்றிவிடும். ஆனால் கதைப்போக்கு உங்கள் கேள்வியாக இருந்தால் குலுக்கல் வேண்டாம். கதை அறுந்துவிடும். அப்போது ஒரு கதைத் திருப்பத்தைச் சுற்றி 25, 30 பகுதிகளைத் தொடர்ச்சியாக எடுத்து, ஏன் அந்தத் திருப்பம் என்று எழுதுங்கள்.

கேட்டவர், ஜூன் 12

வேலைக் காட்சிகளை எண்ணி ஒரு அட்டவணை போடலாமா? நண்பர் ஒருவரும் தனியாக எண்ணிப் பார்த்தார், 92 சதவீதம் ஒத்துப்போகிறது.

ஜூன் 13

92 சதவீதம் கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே பிரித்துப் பார்ப்போம்.

100 காட்சிகள். இருவரும் "வேலைக் காட்சி இல்லை" என்றவை 88. இருவரும் "வேலைக் காட்சி" என்றவை 4. நீங்கள் மட்டும் ஆம் என்றவை 4, அவர் மட்டும் ஆம் என்றவை 4 என்று வையுங்கள். ஒத்துப்போனது 92. ஆனால் இருவரும் ஆளுக்கு 8 காட்சிக்குத்தான் ஆம் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில் ஆம், இல்லை என்று சொல்லியிருந்தாலும் 0.08 × 0.08 + 0.92 × 0.92 = 0.853, அதாவது 85 சதவீதம் தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்து ஒத்திசைவை அளக்கும் எண் கோஹனின் கப்பா: (0.92 − 0.853) ÷ (1 − 0.853), சுமார் 0.46. அதே வேலையைச் செய்யும் இன்னொரு எண்ணான கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபாவும் இந்தத் தரவுக்கு அதே அளவில் வரும். 0.80-க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667-க்குக் கீழே இருந்தால் அந்த மாறியை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்பது கிரிப்பென்டார்ஃப் வைத்த வரம்பு. உங்களுடையது அதற்கும் கீழே.

காரணம் நண்பரின் கவனக்குறைவாக இருக்காது. வரையறை இல்லாமல் எண்ணியிருப்பீர்கள். வீட்டில் இருந்தபடி அலுவலகத்துக்குப் போன் பேசினால் வேலைக் காட்சியா? அலுவலகத்தில் உட்கார்ந்து குடும்பச் சண்டை பேசினால்? பணமில்லாமல் சொந்தக் கடையில் உதவினால்? ஒவ்வொன்றுக்கும் குறியீட்டுக் கையேட்டில், அதாவது எதை எப்படி எண்ணுவது என்ற விதிப் பட்டியலில், ஒரு வரி விதியும் ஓர் எடுத்துக்காட்டும் எழுத வேண்டும். இடம், செயல், பேச்சு மூன்றையும் தனித்தனி மாறியாகப் பிரித்தால் பாதிச் சண்டை தீரும். 20 காட்சிகளில் பழகி, விதியைத் திருத்தி, பிறகு அந்த 20-ஐ ஒதுக்கிவிட்டுப் புதிய காட்சிகளில் ஒத்திசைவை அளவிடுங்கள். பழகிய காட்சிகளிலேயே அளந்தால் எண் பொய்யாக ஏறும்.

ஜூன் 14

நேற்று எண்ணிக்கையைப் பற்றியே எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. எத்தனை வேலைக் காட்சி என்பதோடு, காட்சிக்குள் கேமரா யாரோடு நிற்கிறது என்பதும் வேண்டும்.

கற்பனைக் காட்சி ஒன்று: பதவி உயர்வு கிடைத்ததை அவள் வீட்டில் சொல்கிறாள். 70 விநாடி, 9 ஷாட். அவள் சட்டகத்தில் இருக்கும் ஷாட் 4, மொத்தம் 22 விநாடி. கேட்பவர்களின் முகம் 5 ஷாட், 48 விநாடி. அவள் வசனம் பேசும்போதே கணவன் முகத்துக்கு வெட்டுகிறார்கள். செய்தி அவளுடையது, ஆனால் காட்சி அதை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பற்றியது. எண்ணிக்கை அட்டவணையில் இது "வேலை பற்றிய பேச்சு: 1" என்று நின்றுவிடும்.

இதற்கு ஷாட் குறிப்பு வேண்டும். தொடக்க நேரம், முடிவு நேரம், ஷாட் அளவு, சட்டகத்தில் யார், பேசுவது யார், பின்னணி இசை, வெட்டுக்குக் காரணம். ஏழு நிரல்கள் போதும். ஈலான் என்ற இலவசக் குறிப்பு மென்பொருளில் ஒவ்வொரு நிரலையும் ஓர் அடுக்காக வைக்கலாம். தானாக வெட்டுகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் கரைந்து மாறும் இடங்களைத் தவறவிடும், கேமரா ஃபிளாஷ் அடித்தால் வெட்டு என்று நினைக்கும். கண்ணால் சரிபாருங்கள். முழுத் தொடருக்கும் இதைச் செய்ய முடியாது. ஐந்தாறு காட்சிக்குச் செய்தாலே நல்ல அத்தியாயம் தேறும்.

கேட்டவர், ஜூன் 17

புதிய தலைப்பு: "அலுவலகத்தில் பணியாற்றும் பெண்கள் ஒரு மாலைத் தொடரின் வேலைக் காட்சிகளை மறுசொல்லும் விதம்". ஒரே தொடர், கதாநாயகி ராஜினாமா செய்யும் திருப்பத்தைச் சுற்றி 30 பகுதிகள், 12 நேர்காணல்கள். 20 படங்களும் போயின. கோட்பாட்டு அத்தியாயத்தை எங்கே வைப்பது?

ஜூன் 17, இரவு

இப்போது தலைப்பின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எதிரே கோப்பு இருக்கிறது. இது நிற்கும்.

கோட்பாட்டுக்குத் தனி அத்தியாயம் வைத்தால் 4,000 சொல் போய்விடும், பிறகு பகுப்பாய்வில் அந்தக் கோட்பாட்டின் வாசனையே இருக்காது. முன்னாய்வுகளோடு சேர்த்து 2,000 சொல்லில் முடியுங்கள். அறிமுகம் 1,500, முன்னாய்வுகளும் கோட்பாடும் 2,000, ஆய்வுமுறை 1,500, காட்சிப் பகுப்பாய்வு 3,500, நேர்காணல்கள் 5,000, முடிவுரை 1,500. நேர்காணல் அத்தியாயம்தான் புதிதாக ஒன்றைச் சொல்லப் போகிறது, எடை அங்கே விழட்டும்.

ஒரு எச்சரிக்கை. திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வியின் 1975 கட்டுரையை எடுத்தால், அவர் பேசுவது படம் தன் முன்னால் உருவாக்கி வைக்கும் பார்வையாளர் இடத்தைப் பற்றி. அந்த இடத்தில் உண்மையில் யார் உட்கார்ந்தார், என்ன நினைத்தார் என்பதைப் பற்றி அல்ல. காட்சிப் பகுப்பாய்வு அத்தியாயத்தில் அவரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நேர்காணல் அத்தியாயத்தில் ஒரு பெண் சொன்ன பதிலுக்கு விளக்கமாக அவரை ஒட்டினால், இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிடுவீர்கள்.

ஜூன் 20

நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்குள் ஒரு நேர்காணல்கூட எடுக்காதீர்கள். முன்பே எடுத்ததைப் பின்னால் சேர்க்க அனுமதிக்க மாட்டார்கள், அந்தத் தரவு வீணாகும்.

சம்மதப் படிவத்தில் நான்கு விஷயம் தனித்தனியாக இருக்க வேண்டும்: பேசச் சம்மதம், ஒலிப்பதிவுக்குச் சம்மதம், மேற்கோள் காட்டச் சம்மதம், எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம் என்பது. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்கினால், பதிவு வேண்டாம் ஆனால் பேசுகிறேன் என்பவரை இழப்பீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. "35 வயது, இன்ன வங்கியின் இன்ன கிளையில் மேலாளர்" என்றால் உடன் வேலை செய்பவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். வயதைப் பத்தாண்டு அடுக்காகவும் வேலையைத் துறையாகவும் எழுதுங்கள்.

மேலே சமூக ஊடகக் கருத்துகளைப் பற்றிக் கேட்ட வாசகருக்கும் இது பொருந்தும். கருத்தைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டினால், அதைத் தேடுபொறியில் இட்டு எழுதியவரின் கணக்கை யாரும் எட்டிவிடலாம். ஒன்று அவரிடம் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் பொருள் மாறாமல் சுருக்கி எழுதுங்கள்.

ஒலிக்கோப்புகளையும் பெயர்ப் பட்டியலையும் ஒரே கோப்புறையில் வைக்காதீர்கள். கோப்புகளுக்கு எண் மட்டும், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் கடவுச்சொல் போட்டு வேறிடத்தில். ஒலிப்பதிவு எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். அந்தத் தேதி மறுமதிப்பீட்டுக் காலத்துக்குப் பிறகு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் மூலப்பதிவைக் கேட்டால் கொடுக்க முடிய வேண்டும்.